குழந்தைகள் வார்டில் எந்த ஊர்ப் பிள்ளையும் விடுபடாமல் இருக்க: பொறுப்பேற்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் ஆஸ்பத்திரியில் "குழந்தைகள் நலத்தில் சமநீதி" என்று ஒரு பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் டாக்டராக இருக்கலாம், வார்டு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கலாம், அலுவலகத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். உடனே ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று தோன்றும், ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் மருத்துவ முகாமுக்குத் தேதி குறிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இந்த வேலையை நான் சில வருடங்கள் பார்த்திருக்கிறேன், எனக்குப் பின் பொறுப்பெடுத்தவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரும்பாலானவர்கள் வரிசையில்தான் தவறினார்கள்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து, ஒரே படுக்கை என்பது நம் வார்டுகளில் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் ராமநாதபுரம் டவுன் பிள்ளை வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே வருகிறது, சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் விடிலி (ஓலைக் குடிசை) போட்டுத் தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை நான்காம் நாள் கண் குழிந்து வருகிறது. ஒரே மருந்து இந்த இரண்டு பிள்ளைக்கும் ஒரே பலனைத் தராது. இந்த வித்தியாசத்தில் ஆஸ்பத்திரியின் கையில் இருக்கும் பங்கைக் குறைப்பதுதான் உங்கள் வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுத்தில் ஒரு உத்தரவு. டீனோ கண்காணிப்பாளரோ கையெழுத்திட்டு, நீங்கள் சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்கலாம், வார்டு நடைமுறையில் மாற்றம் பரிந்துரைக்கலாம், மாதம் ஒருமுறை நேரில் அறிக்கை கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போனால் ரெக்கார்ட் ரூமிலேயே வேலை நின்றுவிடும், அங்கே இருப்பவர் மேல் தப்பும் இல்லை, அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்.

அடுத்தது நேரம். வாரத்தில் அரை நாள் டூட்டி சார்ட்டிலேயே இதற்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். "மற்ற வேலை முடிந்ததும் பார்க்கிறேன்" என்று எடுத்துக்கொண்டவர் யாரும் மூன்றாவது மாதத்தைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஆட்கள். ஒரு சிஸ்டர், ஒரு டாக்டர், காப்பீட்டு மேசையில் இருப்பவர், மருந்தகத்தில் ஒருவர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, வெளியிலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர். செக்யூரிட்டியை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், ராத்திரி 11 மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா முதலில் பார்க்கும் முகம் அவருடையது. அவர் "எங்கம்மா போறே?" என்று கேட்கும் தொனியிலேயே அந்த அம்மா அடுத்த முறை வருவதா வேண்டாமா என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

2. பதிவேட்டை ஊர் வாரியாக, தொழில் வாரியாகப் பிரியுங்கள்

சராசரி எல்லாவற்றையும் மூடிவிடும். வார்டில் இந்த வருடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரே எண்ணாகப் பார்த்தால் தெரியும், பிரித்துப் பார்க்கும்போதுதான் எந்தக் கரையிலிருந்து பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள், யார் பாதியில் போகிறார்கள் என்பது வெளியே வரும். அதனால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், ஒரு மாதம் ஆனாலும் சரி.

முதலில் வரும் சிக்கல் முகவரி. கேஸ் ஷீட்டில் "ராமேஸ்வரம்" என்றோ "மண்டபம்" என்றோ மட்டும் இருக்கும். அது போதாது. சின்னப்பாலமா, குந்துகாலா, தங்கச்சிமடமா, மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் இவை ஒவ்வொன்றுக்கும் பஸ் வேறு, தண்ணீர் வேறு, தொழில் வேறு. இன்று முதல் சேர்க்கையின்போது குக்கிராமப் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய ஷீட்டுகளுக்குக் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் முக்கால்வாசி நிரப்பிவிடலாம்.

கூடவே குடும்பத் தொழில், முக்கியமாக அம்மாவின் வேலை. அப்பா கடல் தொழில் என்று எழுதுவதோடு நிறுத்திவிடுகிறோம். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவரா, மீன் விற்பவரா, வாலிநோக்கம் உப்பளத்தில் கூலியா, கமுதி முதுகுளத்தூர்ப் பக்கம் விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்ப்பவரா என்பதுதான் பிள்ளை எந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது, எப்போது ஆஸ்பத்திரிக்கு வர முடியும் என்பதைச் சொல்லும்.

பிறகு ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஐந்து விஷயங்கள் மட்டும்: நோய் தொடங்கி எத்தனையாவது நாள் வந்தார்கள், எதில் வந்தார்கள், வேறு எங்கும் பார்த்துவிட்டு வந்தார்களா, எப்படி வெளியே போனார்கள், மறுபரிசோதனைக்கு வந்தார்களா. நான்காவதில் கவனம் தேவை. குணமாகிப் போனது, மேல்சிகிச்சைக்கு மதுரைக்கு அனுப்பியது, "சொந்த விருப்பத்தில் கூட்டிப் போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுப் போனது, சொல்லாமல் போனது, இறந்தது என எல்லாம் தனித்தனி. சொல்லாமல் போனவர்களையும் "டிஸ்சார்ஜ்" என்று எழுதிவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள், நீங்கள் தேடும் பிள்ளைகள் அங்கேதான் ஒளிந்திருக்கிறார்கள்.

மூன்று எச்சரிக்கைகள். உங்கள் தாளில் பிள்ளையின் பெயர் வேண்டாம், சேர்க்கை எண் போதும், இந்தத் தாள் பல கைகளுக்குப் போகப்போகிறது. சாதிக்கு ஒரு பத்தியும் போடாதீர்கள், சேர்க்கை மேசையில் அந்தக் கேள்வி வந்தால் எதிரில் நிற்பவர் அதற்கு மேல் எதையும் திறந்து பேசமாட்டார், குக்கிராமமும் தொழிலும் தெரிந்தாலே உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்றாவது, ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த நான்கைந்து பிள்ளைகளை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். சின்ன எண்ணில் ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் படம் தலைகீழாகிவிடும், அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, வராத ஊரைத் தேடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியல் இருக்கும், அதை உங்கள் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் இருக்கும் ஊரிலிருந்து ஒருவர்கூடச் சேரவில்லை என்றால் "அங்கே எல்லோரும் ஆரோக்கியம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அதுதான்.

3. போய்க் கேளுங்கள், அவர்கள் நேரத்தில்

இப்போதுதான் ஊருக்குப் போக வேண்டும், அதுவும் மருந்துப் பெட்டி இல்லாமல். மருந்தோடு போனால் வரிசை நின்றுவிடும், பேச்சு நடக்காது.

நேரம் முக்கியம். காலை 10 மணிக்குக் கடற்கரை ஊருக்குப் போய் "யாருமே இல்லை" என்று திரும்பியவர்கள் நிறைய. மீன் விற்கும் பெண்கள் அப்போது சந்தையில் இருப்பார்கள். பாசி எடுக்கும் பெண்கள் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகிறவர்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும், அந்த நாட்களில் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது அப்பாக்கள் ஊரில் இருப்பார்கள், பேச நல்ல காலம், ஆனால் வீட்டில் காசு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பனையேறும் குடும்பங்கள் பருவத்தில் ஊரிலேயே இருக்காது, தோப்புக்குத்தான் போக வேண்டும்.

கேள்வியும் முக்கியம். "ஏம்மா சீக்கிரம் கொண்டு வரலே?" என்று கேட்டால் குற்றவாளியாக நிற்பார்கள், எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். "கடைசியா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப முதல்ல எங்க போனீங்க? அப்புறம்?" என்று கேளுங்கள். முதல் நாளிலிருந்து கதையாக வரும். யார் முடிவெடுத்தார், யாரிடம் காசு கேட்டார்கள், எந்த பஸ், அந்த நேரம் மூத்த பிள்ளையை யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் தானாக வரும்.

ஒரு அம்மா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வந்தா ஏச்சு வாங்கணும் சிஸ்டர். போன தடவை எல்லாருக்கும் முன்னாடி கேட்டாங்க, பிள்ளையை இப்படியா வச்சிருப்பேன்னு. அதான் கொஞ்சம் பாக்கலாம்னு ரெண்டு நாள் இருந்துட்டேன்." தூரமும் காசும்தான் தடை என்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம். அந்த இரண்டு நாளுக்குக் காரணம் வார்டில் எங்களில் யாரோ பேசிய ஒரு வாக்கியம்.

கேட்டதை அங்கேயே விவாதிக்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு மாதத்துக்குள் திரும்பப் போய், "நீங்க சொன்னதுல இதை மாத்திட்டோம், இதை இன்னும் முடியலை" என்று சொல்லுங்கள். திரும்பிப் போகாவிட்டால் அடுத்த முறை யாரும் பேசமாட்டார்கள்.

4. ஒரே ஒரு இடைவெளியை எடுங்கள்

பட்டியல் நீளமாக இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள், அதுவும் ஆஸ்பத்திரி தன் கையாலேயே சரிசெய்யக்கூடியதாக. சாலை, பஸ், குடிநீர் எல்லாம் உண்மையான காரணங்கள்தான், அவற்றுக்கு மாவட்ட நிர்வாகத்திடம் எழுதுங்கள், ஆனால் அதோடு தொடங்கினால் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே வருடம் போய்விடும், உங்களுடன் இருப்பவர்களும் சோர்ந்துவிடுவார்கள்.

எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், சிகிச்சை முடியும் முன் கூட்டிப் போவதை எடுக்கச் சொல்வேன். அந்தப் பிள்ளை ஏற்கெனவே உங்கள் கட்டிலில் இருக்கிறது, தேடிப் போக வேண்டியதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டால் நம் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணம்தான் இதில் முதல் தடை.

எங்கள் வார்டில் செய்தது இது. தினமும் மாலை, டாக்டர் ரவுண்டு முடிந்தபின், ஒரு சிஸ்டர் கட்டில் கட்டிலாகப் போய் ஒரே கேள்வி கேட்பார்: "நாளைக்கு வீட்டுக்குப் போகணும்ங்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" அவர்கள் பையைக் கட்டிய பிறகு கேட்டால் வாக்குவாதம்தான் நடக்கும், முந்தின நாளே கேட்டால் வழி தேட ஒரு இரவு கிடைக்கும். வந்த பதில்கள் பெரும்பாலும் எளிமையானவை. வீட்டில் இன்னொரு பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அவர் கடலுக்குப் போகிறார், சோறு கொண்டுவர ஆளில்லை. கையில் இருந்த காசு டீக்கும் பஸ்ஸுக்கும் தீர்ந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். அம்மாவுக்குப் பதில் அப்பத்தா இரண்டு நாள் இருக்கட்டும், பால் குடிக்கும் பிள்ளையாக இல்லாவிட்டால் அதில் என்ன தடை? துணைக்கு இருப்பவருக்கும் வார்டிலேயே சாப்பாடு கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம், ஆனால் அது அந்த அம்மாவுக்குத் தெரியாவிட்டால் பயனில்லை. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளைச் சேர்க்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் தாயின் கூலி இழப்புக்கு ஒரு தொகை கொடுக்கவும் வழி இருக்கிறது, அது கைக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு மாதம் கழித்து வரும் பணம் மூன்றாம் நாள் முடிவை மாற்றாது.

இதையெல்லாம் மீறிப் போகத்தான் வேண்டும் என்றால் மருந்து கொடுத்து, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி, "எப்ப வேணா திரும்பி வாங்க, யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க" என்று சொல்லி அனுப்புங்கள், அன்றே அந்த ஊர்ச் செவிலியருக்குப் போன் செய்யுங்கள்.

5. காகித வேலையை ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளட்டும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதற்குக் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் கேட்பார்கள். பிள்ளை கட்டிலில் கிடக்க, அம்மாவைச் சான்றுக்கு ஊருக்கு அனுப்புவது என்பது, கட்டிலை விட்டுப் போ என்று சொல்வதற்குச் சமம். காப்பீட்டு மேசையில் இருப்பவர் வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்யட்டும், ஊரில் இருக்கும் உறவினர் யாரையாவது போகச் சொல்லட்டும். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு இல்லை, மேசையில் புதிதாக உட்காருபவர் இதைத் தெரியாமல் திருப்பி அனுப்புவது நடக்கும். ஒரு அட்டையில் எழுதி மேசை முன் ஒட்டுங்கள்.

"அப்பா வரட்டும், கையெழுத்துப் போடட்டும்" என்பது இன்னொன்று. அப்பா நடுக்கடலில் இருக்கிறார். அம்மாவின் கையெழுத்தே போதும். இதைச் சுற்றறிக்கையாகக் கொடுத்துவிடுங்கள், ராத்திரி டூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்குத் தைரியம் வரும்.

6. மதுரைக்கு அனுப்பினால் அதோடு முடியவில்லை

ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராமேஸ்வரத்துக் குடும்பம் ஏற்கெனவே 55 கிலோமீட்டர் வந்திருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு "ரெஃபர் பண்ணியாச்சு" என்று பதிவேட்டை மூடினால், அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. சிலர் வழியில் இறங்கித் தனியாரிடம் போகிறார்கள், சிலர் வீட்டுக்கே போகிறார்கள், காரணம் பெரும்பாலும் அங்கே யாரைப் பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்ற பயம்.

அதனால் கிளம்பும் முன் அங்குள்ள டூட்டி டாக்டரிடம் பேசி, எந்தக் கட்டடம், எந்த வார்டு என்று எழுதிக் கொடுங்கள். 108 வண்டியில் ஏற்றும்போது பச்சிளம் குழந்தையாக இருந்தால், மூச்சுத் திணறல் போன்ற தடை இல்லாவிட்டால், அம்மாவின் நெஞ்சோடு தோல்படச் சேர்த்துக் கட்டி அனுப்பலாம், வழியில் உடல் குளிர்ந்துபோவது சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து. மறுநாள் காலை ஒரு போன்: "சேந்துட்டீங்களா?" சேராதவர்களின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள்.

7. வார்டுப் பேச்சை மாற்றுங்கள்

இது பயிற்சி வகுப்பு வைத்து மாறாது. மூத்தவர் ஒருவர் தினமும் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மாறுவார்கள், அதனால் முதலில் நீங்கள் மாறுங்கள். "ஏய், இந்தா" இல்லாமல் "அம்மா", வயதுக்கு ஏற்ப "அக்கா", "அப்பத்தா" என்று கூப்பிடுங்கள். தாமதமாக வந்த அம்மாவிடம் முதல் வாக்கியம் "நல்லவேளை கொண்டு வந்தீங்க" என்று இருக்கட்டும்.

சொல்லும் அறிவுரை அந்த வீட்டில் நடக்குமா என்று பாருங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்கச் சொல்கிறோம். இந்தக் கரையில் பல ஊர்களில் குழாயிலும் கிணற்றிலும் வருவது உவர்நீர், குடிநீர் குடம் காசு கொடுத்து வாங்குவது அல்லது ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு எடுப்பது. உவர்நீரில் கரைத்தால் உப்பு கூடிவிடும், காசுத் தண்ணீரை மிச்சம் பிடிக்க அரை லிட்டரில் கரைத்தாலும் அதே கதிதான், பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டிய மருந்து கெடுதல் செய்யும். ஆகவே "வீட்ல குடிக்கத் தண்ணி எங்கருந்து வருது?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டியே சொல்லுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும், 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10. பதினான்கு நாளுக்கானதையும் கையில் கொடுத்தே அனுப்புங்கள், "மீதியை வந்து வாங்கிக்கோங்க" என்றால் பஸ் செலவுக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் அப்பத்தாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். எங்கே தவறாகப் புரிந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

வார்டில் யாராவது கைக்காசு கேட்பதாகத் தெரிந்தால் அதைப் பொதுக் கூட்டத்தில் பேசாமல் நேராகத் தலைமையிடம் எடுத்துப் போங்கள், அதே வாரத்தில். புகார் சொன்ன குடும்பம் இன்னும் கட்டிலில் இருக்கும்போது அவர்கள் யார் என்று வெளியே தெரியக்கூடாது.

8. மாதக் கணக்கும், இறப்பு ஆய்வும், அடுத்தவருக்குக் கொடுப்பதும்

மாதம் ஒருமுறை அரை மணி நேரம். ஒரே ஒரு தாள். அதில் மொத்தச் சராசரியை மட்டும் போடாதீர்கள், நன்றாக இருக்கும் ஊருக்கும் பின்தங்கிய ஊருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள். சராசரி முன்னேறியும் அந்த வித்தியாசம் கூடியிருந்தால், நீங்கள் செய்தது ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் உதவியிருக்கிறது.

பிள்ளை இறந்தால் செய்யும் ஆய்வில் மருத்துவக் காரணத்தோடு நிறுத்தாதீர்கள். முதல் அறிகுறியிலிருந்து நம் வாசல் வரை எத்தனை மணி நேரம், வாசலிலிருந்து முதல் மருந்து வரை எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள், அந்த ஊர்ச் செவிலியரை அழையுங்கள். யார் தப்பு என்று போனால் அடுத்த ஆய்வில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எந்த இடத்தில் வழி அடைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசிச் சிக்கல் டிரான்ஸ்ஃபர். நன்றாக நடந்த வேலை ஒருவர் மாறிப் போனதும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மாலைக் கேள்வி டூட்டி சார்ட்டில் அச்சாக இருக்க வேண்டும், ஊர் வாரிப் பத்தி சேர்க்கைப் படிவத்திலேயே இருக்க வேண்டும், இரண்டும் ஒரு ஆளின் ஞாபகத்தில் இருக்கக்கூடாது. கிளம்புவதற்கு முன் ஒரு வாரமாவது புதியவரோடு சேர்ந்து ரவுண்டு போங்கள். ஒருநாள் அவரை அந்த ஊருக்குக் கூட்டிப் போய், செவிலியரிடமும், முன்பு உங்களிடம் பேசிய அம்மாக்களிடமும், "இனிமே இவங்களுக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி, அவர் நம்பரை அவர்கள் போனில் அங்கேயே ஏற்றிவிட்டு வாருங்கள்.